கசகசா கொலாச்சே
டாலஸிலிருந்து ஆஸ்டின் போகிற வழியில் வெஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். பெயர்தான் வெஸ்ட், இருப்பது டெக்சாஸின் நடுவில். 19ஆம் நூற்றாண்டில் இன்றைய செக் நாட்டின் மொராவியா பக்கமிருந்து நிலம் தேடி வந்த செக் விவசாயிகளின் வாரிசுகள் நிறைந்த ஊர். கொலாச்சே வாங்காமல் நான் தாண்டியதில்லை. மெத்தென்ற பன், நடுவில் குழி, அதில் இனிப்பான கசகசா விழுது.

சாசேஜ் வைத்ததையும் எல்லாரும் கொலாச்சே என்றே கேட்கிறார்கள். அதன் பெயர் க்ளோபாஸ்னிக். செக் நாட்டுப் பலகாரமே இல்லை, டெக்சாஸில் பிறந்தது. (வரிசையில் நிற்பவரிடம் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்.)

மொழிதான் போய்விட்டது. "யாக் சே மாஷ்", அதாவது "எப்படி இருக்கே", இப்போது டி-ஷர்ட்டில் வாழ்கிறது. இந்தப் பக்கத்துக் கல்லறைகளில் பழைய கற்கள் செக்கில் இருக்கும், பெண்களின் குடும்பப் பெயர் 'ஓவா' என்று முடியும். பிந்தைய கற்களில் ஆங்கிலம். ஓவாவைக் காணோம். டெக்சாஸ் செக்காரர்கள் 1897-ல் தொடங்கிய எஸ்.பி.ஜே.எஸ்.டி. என்ற சங்கம் மட்டும் இன்னும் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருக்கிறது.

பின்சீட்டிலிருந்து மகன் ஆங்கிலத்தில் இன்னொன்று கேட்டான். தமிழில் கேட்டால்தான் தருவேன் என்றேன்.

"கொலாச்சே ப்ளீஸ்ப்பா."

சரி என்று கொடுத்துவிட்டேன்.