தீர்ப்புக் கேட்டு கவுன்சிலிங் வருகிறவர்களுக்கு

தம்பதிகள் பலரும் ஆளுக்கொரு வழக்கைத் தயார் செய்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள். "இவர் பண்றது சரியான்னு நீங்களே சொல்லுங்க." ஆலோசகர் இதற்குப் பதில் சொன்னால் அன்றோடு காரியம் கெட்டது. தோற்றவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பரவலாக இருக்கும் முறை இது: முதல் அமர்வு இருவரும் சேர்ந்து, ஒன்றரை மணி நேரம் வரை. பிறகு ஆளுக்கொரு தனி அமர்வு. நான்காவதில் மறுபடி சேர்ந்து உட்கார்ந்து, எதைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்வது. தனி அமர்வுக்குப் போகும் முன்பே, அங்கே சொல்லும் ரகசியம் என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள். வெளியே ஓர் உறவு தொடர்வதை ஆலோசகரும் சேர்ந்து மறைத்தால், அப்புறம் நடக்கும் கூட்டு அமர்வெல்லாம் நாடகம்தான். வீட்டில் அடியோ மிரட்டலோ உண்டா என்று ஆலோசகர் கேட்கவும் இந்தத் தனி நேரம்தான் இடம். பயந்து வாழ்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்லக் கூடாது. இங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். அப்போது பாதுகாப்புக்கான ஏற்பாடுதான் முதலில்.

அடுத்தது சண்டை ஓடும் தடத்தைப் பிடிப்பது. ஒருவர் பேசு பேசு என்று துரத்துவார், மற்றவர் ஒதுங்குவார். ஒதுங்க ஒதுங்கத் துரத்தல் கூடும். 1980களில் உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் உருவாக்கிய, உணர்வை மையமாக வைத்த சிகிச்சை முறை இந்தச் சுழலைத்தான் எதிரியாக வைக்கிறது. துரத்தலுக்கு அடியில் "நான் உனக்கு முக்கியமா?" என்ற பயமும், ஒதுங்கலுக்கு அடியில் "என்ன செய்தாலும் போதாது" என்ற சலிப்பும் இருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

பயிற்சியில் அதிகம் சொதப்புவது பேசுபவர்–கேட்பவர் முறை. ஒரு பேனா போதும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், இரண்டு மூன்று வாக்கியம் மட்டும். "நீங்க எப்பவும் போன்லயே இருக்கீங்க" என்று தொடங்கினால் எதிராளி உடனே கணக்குக் காட்டுவார். "நேத்து சாப்பிடும்போது நான் பேசிட்டிருந்தேன், நீங்க போனைப் பாத்தீங்க. நான் அங்க இல்லாத மாதிரி இருந்துச்சு. சாப்பிடற நேரம் மட்டும் அதைத் தள்ளி வைங்க": நடந்தது, பட்டது, வேண்டியது, அவ்வளவுதான். கேட்பவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேட்க வேண்டும். இங்கேதான் "ஆனா..." வந்து விழும். அந்த ஒரு சொல் வந்தால் கேட்பது நின்று வாதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "நீங்க சுயநலவாதின்னு எனக்குத் தோணுது" என்பதும் உணர்வு கிடையாது, முகமூடி போட்ட வசவு. வீட்டில் சின்ன விஷயத்தில் 10 நிமிடம் பழகுங்கள். பணத்தையோ மாமியாரையோ முதல் நாளே எடுத்தால் பேனா பறக்கும்.

இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டியபின் சொல்வது எதுவும் காதில் ஏறாது என்கிறார் தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன். குறைந்தது 20 நிமிடம் இடைவெளி விட வேண்டும். "போதும்" என்று கதவை அறைந்துகொண்டு போனால் அது இடைவெளி ஆகாது. எத்தனை மணிக்குத் திரும்பிப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த இடைவெளியில் அடுத்த பதிலடியை மனசுக்குள் ஒத்திகை பார்த்தால் படபடப்பு குறையவே குறையாது.

தம்பதிகளின் சண்டைகளில் சுமார் 69 சதவீதம் முழுதாகத் தீராத வகை என்பதும் காட்மன் கண்டதுதான். சுபாவ வித்தியாசம் எங்கே போகும்? அதனால் அதே விஷயத்தைக் காயமில்லாமல் பேச முடிகிறதா என்றுதான் முன்னேற்றத்தை அளக்கிறோம்.

ஒருவர் பிரியலாமா என்ற யோசனையில் இருந்தால் மேலே சொன்ன பயிற்சிகள் வீண். அதற்கென்றே குடும்ப சிகிச்சையாளர் பில் டோஹெர்ட்டி வகுத்த 1 முதல் 5 அமர்வு வரையிலான முறை இருக்கிறது. பேச்சில் பெரும்பகுதி தனித்தனியாக நடக்கும். முன்னால் மூன்று வழிகள்: இப்படியே இருப்பது, பிரிவது, பிரிவுப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு ஆறு மாதம் முழுமூச்சாக முயல்வது. மூன்றாவதைத் தேர்ந்தால்தான் பேனாவை எடுக்கலாம்.