பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1945-ஐத் தேடிப் போனபோது

லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவரை என் பிள்ளைகள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். 18 வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, 1945-ல் லாரி ஓட்டிக்கொண்டு ஜெர்மனிக்குள் போனவர். போர் முடிந்த பிறகும் 1947 வரை அங்கேதான் வேலை. கதை சொல்லும்போது ஊர்ப் பெயரும் தேதியும் முன்பின்னாக வரும். "நான் கற்பனை பண்ணவில்லை என்று காகிதத்தில் பார்த்துவிட வேண்டும்" என்றார். அதற்காகத்தான் இறங்கினேன்.

முதலில் அவருடைய பணிப் பதிவேடு. உயிரோடு இருப்பவர் என்பதால் அவரே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பிரிவின் பெயர் தெரியாமல் மேலே நகரவே முடியாது.

அப்புறம் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம். வடமேற்கு ஐரோப்பாவில் போரிட்ட பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 171 (WO, அதாவது போர் அலுவலகம்) என்ற ஆவண வரிசையில் இருக்கின்றன. வாசகர் அட்டைக்குப் பெயருக்கும் முகவரிக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். பையும் பேனாவும் லாக்கரில்; உள்ளே பென்சில் மட்டும். சொந்தக் கேமராவில் படமெடுக்கக் காசு கேட்பதில்லை.

நாட்குறிப்பு என்றால் கட்டம் போட்ட படிவம்: இடம், தேதி, நேரம், நடந்த விவரம். பல நாட்களுக்கு ஒரே வரிதான். ஆனால் இடம் என்ற கட்டத்தில், பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்த அந்தக் கிராமத்தின் பெயர் தட்டச்சில் அப்படியே இருந்தது. படத்தைக் காட்டியதும் பூதக்கண்ணாடியை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் நிஜமாகவே பேச ஆரம்பித்தார். 1945 மே 3-ல் ஹம்பர்க் நகரம் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தது. 1943 குண்டுவீச்சில் தரைமட்டமான தெருக்கள் வழியாக லாரி போகிறது. நிறுத்திய இடமெல்லாம் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். ஜெர்மானியரோடு பேசக்கூடாது, கைகொடுக்கக்கூடாது, குழந்தைகளோடுகூடப் பழகக்கூடாது என்று கட்டளை. ஜூனில்தான் குழந்தைகளுக்கு மட்டும் தளர்த்தினார்கள். "அதற்கு முன்பே என் பிஸ்கட் எல்லாம் தீர்ந்துவிட்டது" என்றார்.

1946-47 குளிர்காலத்தைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். பசி, கடுங்குளிர். ரயில் வண்டியிலிருந்து நிலக்கரி எடுத்து ஓடியவர்களைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறார். உயிர் பிழைக்கத் தேவையானதை வேறு வழியில்லாமல் எடுப்பது தவறில்லை என்று கொலோன் நகரின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் ஃப்ரிங்ஸ் 1946 டிசம்பர் 31 அன்று பிரசங்கம் செய்த காலம் அது. இதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்தால், பதிவேடு வரட்டும் என்று காத்திருக்காமல் பேச்சை உடனே பதிவு செய்யத் தொடங்குங்கள். நாட்குறிப்பின் படங்கள் கிடைத்ததும் அவற்றை முன்னால் வைத்து மறுபடி கேளுங்கள். போருக்குப் பிந்தைய காலத்துக்கு டபிள்யூ.ஓ. 267 வரிசையையும் புரட்டிப் பாருங்கள். போருக்குப் பிறகு ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் ரைன் படையின் காலாண்டு அறிக்கைகள் அதில்தான் இருக்கின்றன.