‘அது ஒன்றுதானே?’

இரவு பத்தரை மணி இருக்கும். பதினோராம் பக்கம் முடிந்தால்தான் பத்திரிகை அச்சுக்குப் போகும். அச்சகத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். நகரசபைத் தேர்தலில் நின்ற வேட்பாளர் ஒருவர் தொலைபேசியில் இருந்தார். எங்கள் பத்திரிகையின் கேள்விகளுக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய பதில்களை நான் தமிழாக்கி, வரி வரியாக அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குப்பை, பஸ், ரொறன்ரோவின் கிழக்கே எங்கள் ஸ்காபரோவுக்கு வருகிறது வருகிறது என்று எல்லாத் தேர்தலிலும் வந்துகொண்டே இருக்கும் சுரங்க ரயில் என்று எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தவர், ஏழாவது பதிலில் நிறுத்தினார்.

“சொந்த வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னது பிரின்சிபல் ரெசிடன்ஸ். அது ஒன்றுதானே?”

“ஓம், ஒன்றுதான்” என்றேன்.

இப்படித்தான் நினைவிருக்கிறது. சில இரவுகளில் வேறு மாதிரியும் நினைவு வரும். அதில் கேட்டவன் நான். “சொந்த வீடு என்று போடலாமா?” என்கிறேன், அவர் கொஞ்சம் யோசித்து, “எங்கள் ஆட்களுக்கு அதுதான் விளங்கும், விடுங்கள்” என்கிறார். முதல் நினைவின்படி பிழை என்னுடையது. இரண்டாவதன்படி அவருடையது. ஒலிப்பதிவு எதுவும் இல்லை. இரண்டாவது நினைவு எனக்கு வசதியானது என்பதால்தான் அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

அது 2018 அக்டோபர். ரொறன்ரோவில் அந்த வருடம் தேர்தல் எப்படி நடந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வேட்பாளர்கள் வீடு வீடாக நடக்கத் தொடங்கிய பிறகு, கோடையின் நடுவில், 47 வட்டாரங்களை 25 ஆக்குகிறோம் என்று மாகாண அரசு சட்டம் கொண்டுவந்தது. செல்லாது என்றது ஒரு நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது மேல்நீதிமன்றம். ஸ்காபரோவில் பத்து வட்டாரங்கள் ஆறாகின. நேற்றுவரை தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் ஒரே இருக்கைக்குப் போட்டியாளர்கள் ஆனார்கள். அந்த அமளியில் குறுங்கால வாடகையைப் பற்றி யாருக்குக் கவலை? பத்துக் கேள்விகளில் அதை ஏழாவதாகச் சேர்த்தது நான்தான். ஆசிரியர் முகம் சுளித்தார். “டவுன்டவுன் கொண்டோக்காரர்களின் பிரச்சினை” என்றார்.

டவுன்டவுன் பிரச்சினையாகத்தான் அது தொடங்கியது. ஒருவரே நாலைந்து கொண்டோக்களை, அதாவது அடுக்குமாடி வீடுகளை, வாங்கி, குடியிருக்க ஆள் வைக்காமல், ஏர்பிஎன்பியில் இரவுக்கு இவ்வளவு என்று விட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் சனங்கள் அலைந்தார்கள். ஜோன் ரோறி மேயராக இருந்த நகரசபை 2017 டிசம்பரில் ஒரு முடிவுக்கு வந்தது: 28 நாட்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுவதென்றால் அது நீங்கள் உண்மையில் வசிக்கும் வீடாக, அதாவது ‘பிரின்சிபல் ரெசிடன்ஸ்’ ஆக, இருக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் மூன்று அறைகள் வரை விடலாம். முழு வீட்டையும் விடுவதென்றால் வருடத்துக்கு 180 இரவுகள். இதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அதனால் தேர்தல் நடந்தபோது விதி தாளில் மட்டும் இருந்தது.

எங்கள் ஸ்காபரோப் பக்கத்துக்கு அதில் ஒளிந்திருந்தது பேஸ்மென்ட், வீட்டின் நிலத்துக்குக் கீழான தளம். தனிச் சமையலறை, தனிக் குளியலறை, பக்கவாட்டில் தனி வாசல் என்று ஒழுங்காகப் பிரித்துக் கட்டிய பேஸ்மென்ட், சட்டத்தின் கண்ணுக்கு வேறொரு வீடு. மேலே வசிக்கும் சொந்தக்காரர் கீழே வசிப்பதில்லை. ஆகவே கீழ்வீட்டை அவர் இரவுக் கணக்கில் விடமுடியாது. மாத வாடகைக்கு விடலாம். ஆனால் அங்கே குடியிருப்பவர் தான் ஊருக்குப் போகும் நாட்களில் அதைக் குறுங்கால வாடகைக்கு விட விதியில் இடம் இருந்தது, ஏனென்றால் அது அவர் வசிக்கும் வீடு. சொந்தக்காரருக்கு இல்லாதது குடியிருப்பவருக்கு இருந்தது. இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கடன் கட்டுகிறவருக்குச் சிரிப்பு வராது.

பதில்கள் பலவிதமாக வந்தன. ஒரு வேட்பாளர் விதியே வேண்டாம், அவரவர் வீடு அவரவர் பாடு என்றார். இன்னொருவர் கேள்வியைப் பிடிக்காமல், தெருவில் வாகனங்களை நிறுத்துவதைப் பற்றியும் விருந்தினர் விட்டுப்போகும் குப்பைப் பைகளைப் பற்றியும் முழுப் பதிலையும் எழுதினார். ஒருவர் டவுன்டவுனுக்கு ஒரு விதி, ஸ்காபரோவுக்கு இன்னொரு விதி என்றார். எப்படி என்று சொல்லவில்லை. நான் சொல்லும் வேட்பாளர் மட்டுமே விதியை வாசித்திருந்தார் என்பது பதிலிலேயே தெரிந்தது. குறுங்கால வாடகையை ஒருவரின் ‘பிரின்சிபல் ரெசிடன்ஸ்’ அளவுக்கு மட்டுப்படுத்தும் சபையின் முடிவை ஆதரிக்கிறேன், ஆனால் வீட்டுக்கடனோடு போராடும் குடும்பங்களையும் யோசிக்க வேண்டும் என்பது அவர் எழுதியதன் சாரம். எங்கள் வட்டாரத்தில் அப்படி எழுத ஒரு துணிவு வேண்டும். வாக்காளர் பட்டியலில் பாதிப்பேர் பேஸ்மென்டுக்கு மேலே இருப்பவர்கள். கீழே இருப்பவர்களில் பலருக்கு இன்னும் வாக்கே இல்லை.

நான் முதலில் எழுதிய சொல் ‘பிரதான வதிவிடம்’. கொழும்புக் கச்சேரியில், அதாவது அங்கத்தைய அரச அலுவலகத்தில், படிவம் நிரப்பியவர்களுக்கு அது பழகிய சொல். ஆசிரியர் வாசித்துவிட்டு, “இது யாருக்கு விளங்கும்? ஒன்றைப் பிரதானம் என்றால், மற்றது எது என்று கேட்பார்கள்” என்றார். சிரித்தோம். அடித்துவிட்டு ‘நிரந்தரமாக வசிக்கும் வீடு’ என்று எழுதினேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒதுக்கிய இடத்தில் ஒரு வரி கூடிவிட்டது. தமிழில் எழுதினால் எதுவும் கொஞ்சம் நீளும், பத்திரிகையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. கடைசியில் ‘சொந்த வீடு’. கச்சிதமாக உட்கார்ந்தது.

இடம் போதவில்லை என்பது உண்மையான காரணம். பல வருடம் அதை எனக்கே சொல்லி வந்திருக்கிறேன்.

வாசகரான ஓர் ஐயா என்னைக் கூப்பிட்டது 2020 டிசம்பரில். முந்தைய வருடம் நவம்பரில் தீர்ப்பாயம் நகரசபையின் விதியைச் சரி என்றுவிட்டது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். அப்போது ‘தாம் வசிக்கும் வீடு’ என்று சரியாகவே எழுதியிருக்கிறேன், பழைய இதழைப் பற்றி மூச்சு விடவில்லை. 2020 செப்டம்பரில் பதிவு தொடங்கியது. ஏற்கெனவே வாடகைக்கு விடுகிறவர்கள் டிசம்பர் 31க்குள் பதிய வேண்டும், வருடத்துக்கு 50 டொலர் கட்டணம். ஐயாவுக்கு ஆங்கிலப் படிவம் சிரமம். பத்திரிகையில் என் பெயரைப் பார்த்து வைத்திருந்தவர், யாரிடமோ என் எண்ணை வாங்கியிருந்தார்.

“தம்பி, நீங்கள் எழுதினதை நான் வெட்டி வைத்திருக்கிறேன்” என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

அவர் பேஸ்மென்டில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. தாயும் தகப்பனும் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையும். நல்ல சனங்கள், வாடகை ஒரு நாள் பிந்தியதில்லை என்று அவரே சொன்னார். 2018 முடிவில் அவர்களை எழும்பச் சொன்னார். பெயின்ட் அடித்து, புதுக் கட்டில் வாங்கி, வாசலில் இலக்கம் அமுக்கித் திறக்கும் சாவிப்பெட்டி பூட்டினார். படங்களை எனக்கு அனுப்பினார். கட்டிலில் நாலு தலையணை. குளியலறையில் வெள்ளைத் துவாயை அன்னம்போல மடித்து வைத்திருந்தது. மகள் யூடியூபைப் பார்த்துப் பழகினாளாம். கூரையை ஒட்டிய சின்ன ஜன்னல் ஒன்று. அந்த ஜன்னல் எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து முதல் நாலு வருடம் அப்படியொரு ஜன்னலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். மாசி மாதத்தில் பனி மூடினால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். மேலே தண்ணீர் திறந்தால் தலைமாட்டில் குழாய் பேசும்.

“அந்தக் குடும்பத்தை எழுப்பியது பத்திரிகையைப் பார்த்தபிறகா, ஐயா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“அது முதலே யோசித்ததுதான்” என்றார். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஐந்து நிமிடம் வேறெதுவோ பேசிவிட்டு, “ஆனால் உங்கள் பேப்பரில் பார்த்த பிறகுதான் பயமில்லாமல் செய்தேன்” என்றார்.

நான் சொன்ன வேட்பாளர் தோற்றுப்போனார். ஆகவே அந்தப் பதில் எந்தச் சபையையும் மாற்றவில்லை, எந்த வாக்கெடுப்பிலும் கை தூக்கவில்லை. இப்படியும் எனக்கு ஒரு சமாதானம் உண்டு. சரியான சொல்லைப் போட்டிருந்தால் அவர் இன்னும் மோசமாகத் தோற்றிருப்பார் என்பது இன்னொன்று. ஐயா எப்படியும் செய்திருப்பார் என்பது மூன்றாவது. மூன்றையும் அடுக்கிப் பார்த்தால், நான் எழுதியதை யாரும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்றாகிறது. அப்படியானால் இருபது வருடமாக என்ன வேலை செய்துகொண்டிருக்கிறேன்?

‘சொந்த வீடு’ என்ற சொல் ஏன் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்தது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் சனங்களில் எத்தனையோ பேருக்குச் சொந்த வீடு ஒன்று, வசித்த வீடு வேறு. காணி உறுதி கையில் இருக்கும். வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் வீட்டை விட்டு வந்தவர்கள் இருபது, இருபத்தைந்து வருடம் அடுத்த ஊரில் வாடகைக்கு இருந்துகொண்டு, சொந்த வீடு கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட ஒரு வாசகருக்கு நான் இரண்டையும் ஒன்று என்று எழுதினேன். அல்லது இந்த ஊருக்கு வந்தாவது இரண்டும் ஒன்றாகட்டும் என்று கை தானாக எழுதியதா? இது கொஞ்சம் அழகான விளக்கமாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

ஏனென்றால் இவ்வளவு நேரமும் ஒரு சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இதை எழுத உட்காருமுன் பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். வேட்பாளர் எழுதியது ‘மட்டுப்படுத்தும் முடிவை ஆதரிக்கிறேன்’. நான் அச்சிட்டது ‘சொந்த வீட்டில் மட்டும் குறுங்கால வாடகைக்கு விடும் உரிமையை ஆதரிக்கிறேன்’. உரிமை என்ற சொல் அவர் பதிலில் எங்கேயும் இல்லை. அதைச் சேர்த்ததால் வரி குறையவும் இல்லை. அன்றிரவு தொலைபேசியில் அதையும் வாசித்துத்தான் காட்டினேன். அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காதது கவனிக்காததாலா, கவனித்ததாலா?

அவருக்கு உதவத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். நல்ல வேட்பாளர், விதியை வாசித்த ஒரே ஆள், இந்த ஒரு பதிலால் தோற்கக் கூடாது என்று நினைத்திருப்பேன். நாலு வருடம் பேஸ்மென்டில் கிடந்தவன், பேஸ்மென்டில் இருப்பவர்களுக்காகப் பேசியவரின் பதிலை மேல்வீட்டுக்காரர்களுக்கு ஏற்றபடி திருப்பிக் கொடுத்திருக்கிறேன். 2022 தேர்தலின்போது கேள்விப் பட்டியலில் இதை மறுபடி சேர்க்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். யாருக்கும் அக்கறையில்லை என்று காரணம் சொன்னேன்.

ஐயாவோடு அன்றைக்கு முக்கால் மணி நேரம் படிவம் நிரப்பினோம். பெயர், முகவரி, அவசரத் தொடர்பு எண். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றே. மேலும் கீழும் ஒரே இலக்கம்தான். பிறகு அந்தக் கேள்வி வந்தது. நான் இந்தத் தடவை தமிழாக்காமல் ஆங்கிலத்திலேயே வாசித்தேன்.

“அது சொந்த வீடு என்கிறதுதானே, தம்பி?”

“இல்லை ஐயா. நீங்கள் படுத்தெழும்பும் வீடு.”

“படுத்தெழும்புகிறது மேலே.”

“ஓம்.”

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. மனைவியிடம் எதையோ இறக்கி வைக்கச் சொன்னார். பிறகு, “சரி, மிச்சத்தை நான் பார்க்கிறேன்” என்றார். எந்தப் பெட்டியில் அடையாளமிட்டார் என்று நான் கேட்கவில்லை.