மொனிட்டர் இல்லாமல் மெமரி கிளாக்: 1660 சூப்பர் வழிக்கு வந்துவிட்டது

ஒருவழியாக என் என்விடியா 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு சொல் கேட்கத் தொடங்கிவிட்டது. உபுண்டு லினக்ஸ், டிரைவர், கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனர் எல்லாம் வழமைபோலத்தான். மைன் செய்யும் நாணயம் எதீரியம் கிளாசிக். எதீரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கையே கைவிட்ட பிறகு 6 ஜிபி கார்டை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

எதீரியம் கிளாசிக்கின் மைனிங் கணக்குமுறையான ஈட்சாஷுக்கு மெமரி வேகம்தான் முக்கியம். கோர் சும்மா சூடாகும். அதனால் டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் கோரின் வேகத்தைக் கீழே பூட்டி, பவர் லிமிட்டை 75 வாட்டுக்கு இறக்கினேன். இரண்டு வரி வேலை. உயிரை வாங்கியது மெமரி ஆஃப்செட்தான், அதாவது மெமரி கிளாக்கை வழக்கத்துக்கு மேல் ஏற்றும் அளவு. அதை ஏற்றும் என்விடியா-செட்டிங்ஸ், திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வர் இல்லாமல் அசையாது. என் பெட்டியோ வெள்ளவத்தை வீட்டு மூலையில் மொனிட்டர் இல்லாமல் கிடக்கிறது, எல்லாம் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான். ரூட்டாகப் போனாலும் டிஸ்ப்ளே இல்லை என்று ஒரே அடம். ஓவர்கிளாக்கைத் திறந்துவிடும் கூல்பிட்ஸ் என்ற டிரைவர் அமைப்பை 28 ஆக்கி, மொனிட்டர் இல்லாவிட்டாலும் எக்ஸ் எழும்பும்படி கான்ஃபிக்கில் சொல்லி, லொகின் மனேஜர் எழுதி வைக்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற அனுமதிக் கோப்பைக் கையால் காட்டிய பிறகுதான் வழிவிட்டது. இன்னொன்று: விண்டோஸ்காரர் ஆஃப்செட் 500 என்று சொன்னால் இங்கே 1000 போட வேண்டும். லினக்ஸ் கிளாக்கை அல்ல, அதைப்போல் இரண்டு மடங்கான டிரான்ஸ்ஃபர் ரேட்டைக் கணக்கில் எடுக்கிறது. இது தெரியாமல் லினக்ஸில் மெமரி ஏறாது என்று புலம்புகிறவர்கள் எத்தனை பேர்!

இரவு பகலாக ஓடினால் முழு 125 வாட்டில் மாதம் 90 யூனிட், இப்போது 54. பவர் சப்ளை தின்பது வேறு. வீட்டு பில் 180 யூனிட்டைத் தாண்டினால் விலை எகிறும் ஊரில் இந்த 36 யூனிட் சின்ன விஷயமில்லை. லாபமா? அதைக் கேட்காதீர்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கார்டின் ஃபேனைக் கவனியுங்கள். உப்புக் காற்றும் காலி வீதிப் புழுதியும் சேர்ந்து இதழ் ஓரத்தில் பிசினாகப் பிடிக்கிறது. வெறுந்துணிக்குப் போகாது, ஐசோபுரோப்பைல் அல்ககோல் வேண்டும்.

ரீபூட் செய்தால் கோர் பூட்டு, பவர் லிமிட், மெமரி ஆஃப்செட் எல்லாம் அழிந்துவிடும். பூட் ஆகும்போது அவற்றைத் தானாகத் திரும்பப் போடும் சிஸ்டம்டி சேவை பாதி எழுதியபடி கிடக்க, மனம் இரண்டாவது கார்டுக்குத் தாவிவிட்டது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழைய கார்டு பார்க்கிறேன். அந்தக் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் வாங்கும்போது சாட்டா பவர் கேபிளோடு வருவதைத் தந்தால் வேண்டாம் என்பேன். அந்தக் கனெக்டர் தாங்குவது 54 வாட், ஸ்லாட் வழியாகக் கார்டோ 75 வரை இழுக்கலாம். 6 பின் பவர் கனெக்டர் உள்ளது கிடைத்தால் மட்டும் எடுப்பேன்.