அந்தமான் கப்பல், பங்க் கிளாஸ் (அடுக்குப் படுக்கை), சென்னை–போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்)

பிப்ரவரி 8
மத்தியானமே ஏற்றிவிட்டார்கள். கிளம்ப இருட்டிவிட்டது. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, காலை
டவர் போய்விட்டது.

எதிர் பங்க் பெரியவர் லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். நேற்று கிளம்புமுன் எல்லாரையும் மேல் தளத்துக்குக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார்கள்: ஏழு குட்டி ஊதல், அப்புறம் ஒரு நீள ஊதல் கேட்டால் ஜாக்கெட்டோடு அவரவர் இடத்தில் வந்து நிற்க வேண்டும். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 32 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். பெரியவரிடம் சொல்லலாமா? மரியாதைக் குறைவாகிவிடுமோ?

பிப்ரவரி 9, இரவு
வாந்தி. காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் நின்று எடுக்கவே கூடாது. ஒருவர் எடுத்தார். பின்னால் நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

பிப்ரவரி 10
மேல் பங்க் அம்மாள் முறுக்கு சாப்பிடுகிறார். தூள் முழுக்க என் மேல்.

என் பையன் ஆரம்பித்துவிட்டான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் பிரெட் அவ்வளவாகக் கிடையாதாம், தூள் மிதந்து அடுத்தவர் கண்ணிலும் கருவியிலும் போய்விடுமாம், அதனால் பெரும்பாலும் டார்ட்டியாதானாம், சப்பாத்தி மாதிரி ஒன்று. அங்கே கப்பல் மணிகூட உண்டாம். 2000இல் முதல் குழுவுக்குத் தலைவராகப் போன பில் ஷெப்பர்ட் அமெரிக்கக் கடற்படைக்காரர், மணியை வைத்தது அவர்தான். யாராவது வந்து சேர்ந்தால் அடிப்பார்கள். ஸ்டார் ட்ரெக் தொடரில் வருகிற விண்கப்பலில் அறிவிப்புக்கு முன் வருகிற விசிலும் பழைய மாலுமிகளுடையதுதான் என்று சொல்லி, இவன் அதை அடித்தும் காட்டினான். ஒரு மாலுமி ஓடிவந்து, "தம்பி, விசிலடிக்காதே, காற்றைக் கூப்பிடுகிறாயா?" என்றார். தூத்துக்குடிக்காரர். திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அவரேதான் சொன்னார்: "அக்கா, பிள்ளையைக் கம்பியில் ஏற விடாதீங்க. கதவுப் பக்கம் விரலை வைக்க விடாதீங்க, கப்பல் சாய்ந்தால் இரும்புக் கதவு தானே மூடிக்கும்." கதவடியில் உயரமாக ஒரு தடுப்பு, அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நிலைப்படியை மிதிக்காதே என்று அம்மா கத்துவது போல இங்கேயும் கத்துகிறார்கள். இங்கே காரணம் கால் இடறுவது, உள்ளே தண்ணீர் வருவது.

யாராவது கடலில் விழுந்தால்? ஓடக்கூடாதாம். கத்த வேண்டும், மிதவையை எறிய வேண்டும், அப்புறம் விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது. ஒரு தடவை திரும்பினால் அலைக்குள் தலை எதுவென்று தெரியாது.

அதைக் கேட்டதிலிருந்து இவன் கழிப்பறைக்குப் போனாலும் பின்னாலேயே போகிறேன். மூன்று பேருக்கு வீடு பார்த்திருப்பதாகத்தான் இவன் அப்பா சொன்னார். எந்தத் தெரு என்று நான் ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 11, அதிகாலை
தூக்கமில்லை. சாப்பாட்டு வரிசையில் ஒருவர் பிளாஸ்டிக் கப்பைக் கடலில் எறியப் போனார். பெரியவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். கடலில் பிளாஸ்டிக் போடுவது உலகம் முழுக்கத் தடை என்று பாடமே எடுத்தார். ஜாக்கெட் மட்டும் இன்னும் தலையணைதான்.

பிப்ரவரி 11
தீவு தெரிகிறது. எல்லாரும் ஒரே பக்கம் கூடாதீர்கள் என்று இந்தியிலும் தமிழிலும் மைக்கில் கத்துகிறார்கள். யாரும் நகரவில்லை, நானும்தான்.

டவர் வந்துவிட்டது. நாலு மிஸ்டு கால், நாலும் அண்ணி. ஹேடோ துறையில் கப்பலைக் கட்டப் போகிறார்கள், பெட்டி இன்னும்