நடுக்கடலில் பாஸ்போர்ட்

சவூதியில் பஸ் ஓட்டும் நான் லீவில் கீழக்கரை வந்தாலே தம்பிமார் கேட்பது ஒன்றுதான்: "காக்கா, பஸ் டிரைவர் விசா வருமா?" லைசென்ஸ் கிடைக்குமா என்றுதான் எல்லாருக்கும் கவலை. அது பெரிய விஷயமில்லை. வலப்பக்கம் ஓட்டவும் கை பழகிவிடும்.

சவூதியிலிருந்து பஹ்ரைனுக்கு ஆள் ஏற்றிப் போகிறவனுக்குப் பாடே கிங் ஃபஹத் பாலத்தில்தான். 1986-இல் திறந்தது, சுமார் 25 கிலோமீட்டர். நம்ம பாம்பன் ரோட்டுப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே நடுக்கடலில் மண் கொட்டித் தீவு உண்டாக்கி, இரண்டு நாட்டுச் சோதனையையும் அதில் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் விசாவில் சிக்கல் என்றாலும் பஸ் முழுக்கக் காத்துக் கிடக்கும். திட்டு மட்டும் டிரைவருக்கு! அதனால் வண்டி எடுக்கும் முன்பே ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் வாங்கி, பயணிகள் பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிடுவேன். வியாழன் ராத்திரி நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மறுநாள் அங்கே வார விடுமுறை.

ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் பொறாமை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம். டேக்கோகிராஃப் என்ற கருவி எல்லாவற்றையும் பதிந்து வைக்கும், ஏமாற்றினால் அபராதம்.

ராமநாதபுரம்–சென்னை ராத்திரி வண்டி ஓட்டும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். "45 நிமிஷமா? நமக்கு டீ ஆறவே விட மாட்டாங்க மச்சான்" என்றான்.