சென்னையில் முதல் வேலை: ஆஃபர் லெட்டர் முதல் ஆறாம் மாதம் வரை

ஜாயினிங் தேதி மெயிலில் வந்தவுடன் ஹெச்.ஆரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: பேரோல் கட்-ஆஃப், அதாவது அந்த மாதச் சம்பளக் கணக்கை முடிக்கும் நாள், எந்தத் தேதி? பல நிறுவனங்களில் அது மாதத்தின் 20-ஆம் தேதியை ஒட்டி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு சேருகிறவருக்கு அந்த மாதச் சம்பளம் போடமாட்டார்கள். அந்த நாட்களுக்கான தொகை அடுத்த மாதச் சம்பளத்தோடு அரியராக வரும். ஜூலை 22-இல் சேர்ந்தவர் முதல் ரூபாயைப் பார்ப்பது ஆகஸ்ட் 31-இல். இடையில் 40 நாள். வேலைக்குப் போய்விட்டான், இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் நினைத்திருக்கும் நேரமும் அதுதான்.

அந்த 40 நாளுக்கு எவ்வளவு வேண்டும்? ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இரண்டு பேர் தங்கும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) அறை, காலை, இரவு சாப்பாட்டோடு சுமார் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 8,000. முதல் வாடகை 8,000. சம்பளம் வருவதற்கு முன்பே இரண்டாவது வாடகையும் வந்துவிடும், அது இன்னொரு 8,000. தலையணை, பக்கெட், பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று 2,500. மதியச் சாப்பாடு வேலை நாட்களில் 80 ரூபாய், விடுமுறை நாளில் கொஞ்சம் கூட என்று 3,600. பயணம் 2,000. இரண்டு ஃபார்மல் சட்டை, ஒரு பேண்ட், ஷூ 4,000. மெடிக்கல் டெஸ்ட், ஜெராக்ஸ், போட்டோ 1,500. மொத்தம் 37,600 ரூபாய். இந்தத் தொகையை மனதில் வைத்து வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பேசாமல் வருகிறவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் உடனடிக் கடன் செயலிகளைத் திறக்கிறார்கள்.

அடுத்தது காகிதங்கள். இதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மட்டும் குறிவைத்ததுபோல ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செந்தில்குமார் மு’. ஆதாரில் இனிஷியல் முன்னால் வந்து ‘மு செந்தில்குமார்’. பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டத்தில் ஓர் எழுத்தை மட்டும் போட முடியாது என்பதால், அங்கே அப்பா பெயர் விரிந்து ‘செந்தில்குமார் முருகேசன்’ ஆகியிருக்கும். வங்கிக் கணக்கில் ‘செந்தில்’ தனி, ‘குமார்’ தனி. நான்கும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதார்–பான் இணைப்பு நிற்கும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) ரிஜெக்ட் ஆகும், சம்பளக் கணக்கு தொடங்குவது ஒரு வாரம் தள்ளிப்போகும்.

பான் கார்டே இன்னும் எடுக்காதவர்களுக்கு வழி எளிது. வருமான வரித் துறையின் தளத்தில் ஆதாரை வைத்து உடனடி இ-பான் எடுக்கலாம். கட்டணம் இல்லை, ஆதாரில் உள்ள பெயரே அதில் வரும். ஏற்கெனவே பான் இருப்பவர்கள் இருக்கும் பானை வைத்தே பெயரைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது பான் எடுக்கவே கூடாது, அதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். எங்கள் யோசனை இதுதான்: பள்ளிச் சான்றிதழை மாற்றுவது நீண்ட வேலை, அதைத் தொடாதீர்கள். ஆதாரில் இனிஷியலை விரித்து பானில் உள்ளபடி ஆக்கிவிட்டு, வங்கி, பி.எஃப். இரண்டையும் ஆதாரின் வழியில் கொண்டுவந்துவிடுங்கள். சான்றிதழில் இனிஷியலும் ஆதாரில் விரிந்த பெயரும் இருப்பதைப் பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்டால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும்.

பெயரைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது கைபேசி எண். பள்ளியில் படிக்கும்போது எடுத்த ஆதாரில் அப்பாவின் எண்ணோ, எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் போன பழைய எண்ணோ இருக்கும். சேர்கிற அன்று ஒவ்வொரு படிவத்துக்கும் ஓ.டி.பி. வேண்டும், அப்பா வயலில் இருப்பார், போன் வீட்டில் இருக்கும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைத்தால் எண்ணை மாற்றிவிடலாம், ஆவணம் எதுவும் தேவையில்லை, கட்டணம் 75 ரூபாய். புதுப்பிக்கச் சில நாள் ஆகும் என்பதால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதிய யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) அரசின் உமாங் செயலியில் முகச் சரிபார்ப்பு செய்து ஊழியரே உருவாக்கிக்கொள்ளும் முறை வந்திருக்கிறது, அதற்கும் ஆதாரோடு இணைந்த எண் கையில் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் பி.எஃப். பிடித்திருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு யு.ஏ.என். இருக்கிறது. சேரும்போது பி.எஃப்.க்காகக் கொடுக்கும் படிவம் 11-இல் அதை மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு யு.ஏ.என். உருவாகிவிட்டால் பின்னால் அதை ஒன்றாக்குவது பெரிய அலைச்சல்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுப்பதுதான் சரியான நடைமுறை. பிடித்து வைத்துக்கொள்வோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், சேரும் முன் இரண்டு முறை யோசியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, பயிற்சிக் காலம் அதில் சேருமா என்று மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள்.

இனி பே ஸ்லிப். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்ற கணக்கோடு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 15,000 என்று எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்காகப் பி.எஃப்.க்குப் போகும் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், உங்கள் சி.டி.சி.க்குள்தான் இருக்கிறது. கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 722 ரூபாய். குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 500 என்று வைத்தால், மிஞ்சும் கிராஸ் (உங்கள் பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம்) 26,978. அதிலிருந்து உங்கள் பங்குப் பி.எஃப். 1,800 போனால் கைக்கு வருவது 25,178. தொழில் வரியை உள்ளாட்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறது. அரையாண்டுச் சம்பளம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். அதைச் சில நிறுவனங்கள் ஒரே மாதத்தில் பிடிப்பதால், அந்த மாதம் 23,928 மட்டும் வரும். வேரியபிள் பே என்று ஒரு வரி இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆண்டு இறுதியில், மதிப்பீட்டைப் பொறுத்து வரும் பணம் அது.

நிறுவனம் போடும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், 550 மட்டுமே பி.எஃப். கணக்கில் சேரும். பாஸ்புக்கில் 1,800-ம் 550-ம் தெரிந்தால் கணக்கு சரி. மூன்றாம் மாதம் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்தும் கட்டாமல் விட்டிருந்தால் அங்கேதான் தெரியும். அப்போதே இ-நாமினேஷனும் (பணம் யாருக்குப் போக வேண்டும் என்று இணையத்தில் பதிவது) போட்டுவிடுங்கள். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடு இதோடு இணைந்திருக்கிறது. திருமணமானால் பழைய நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் சேருகிறவர்கள் இந்த அட்டையைப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. பெற்றோர் உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால் அவர்கள் பெயரையும் சேர்க்கலாம். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவர்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது, கையில் வருவது உதவித்தொகை, சம்பளம் அல்ல. ஆஃபர் லெட்டரில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

அறை தேடும் முன் கம்பெனி பஸ் ரூட் சார்ட்டை வாங்கிவிட வேண்டும். கிலோமீட்டர் கணக்கு சென்னையில் உதவாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் ஓ.எம்.ஆரில் காலை ஒன்பது மணிக்குப் பத்து கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தைத் தின்னும். ஒரகடத்தில் ஆறு மணி ஷிப்ட் என்றால் தாம்பரத்தில் பஸ் நாலரைக்கே வந்துவிடலாம், அறையிலிருந்து அந்த நிறுத்தத்துக்கு அந்நேரத்தில் நடந்து போக முடியுமா என்பதுதான் கேள்வி. எம்.டி.சி. (மாநகரப் பேருந்து) மாதப் பாஸ் 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று முதலில் அங்கே கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுப்பதானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. பழைய பத்து மாத வழக்கத்தில் பேசுகிற உரிமையாளர்கள் இன்னும் உண்டு, பேரம் பேசலாம். பி.ஜி.யில் கேட்க வேண்டியது இரண்டு: காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். ரசீது இல்லாத அட்வான்ஸ் திரும்பி வருவது அபூர்வம்.

இப்போது வேலை. முதல் மாதத்தில் அதிகம் கெடுக்கும் பழக்கம், புரியாமலே ‘ஓகே சார்’ சொல்வது. கல்லூரியில் அது மரியாதையாக இருந்தது, இங்கே அதன் பொருள் ‘நான் செய்து முடிக்கிறேன்’. வேலை சொல்லப்பட்டதும், ‘நான் புரிந்துகொண்டது இது, சரியா?’ என்று உங்கள் வார்த்தையில் திரும்பச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, பாதிக்குப் பாதி தமிழ் கலந்தாலும் பரவாயில்லை, எதிரில் இருப்பவருக்கு எங்கே விட்டுப்போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். அரை நாள் தவறான திசையில் போவது இதில் மிச்சமாகும்.

சந்தேகம் கேட்பதற்கும் ஓர் அளவு உண்டு. அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். அதற்கு மேல் மாட்டிக்கொண்டால் கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், என்ன பிழை வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும்போதுதான் சீனியர்களுக்கு எரிச்சல் வருகிறது. கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வேலை தாமதமாகும் என்றால் கெடு முடிந்த பிறகு சொல்லாமல், தெரிந்த உடனே நாலு வரி மெயில்: எது முடிந்தது, எது நிற்கிறது, எதனால், எப்போது முடியும். தவறு செய்துவிட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். மறைத்த தவறு மாலைக்குள் வேறொருவரின் வேலையிலும் ஏறிவிடும், அப்போது சரிசெய்ய நான்கு பேர் வேண்டும்.

கல்லூரிப் பழக்கத்தில் கோப்புகளைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்வதும், திரையைப் போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் சந்தேகம் கேட்பதும் வேலையையே பறிக்கக்கூடியவை. பல நிறுவனங்களில் அனுப்பிய நொடியில் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் போகும், ‘தெரியாமல் செய்தேன்’ என்பது அங்கே எடுபடாது. அதேபோல டைம்ஷீட், அதாவது எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்ற பதிவு. வெள்ளி மாலைக்குள் நிரப்பாவிட்டால் சில இடங்களில் அந்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகும். வாரத்துக்கு ஐந்து வரியில் என்ன செய்தீர்கள் என்று தனியாக ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள், நிறுவன ரகசியம் எதையும் எழுதாமல். ஆறாம் மாத மதிப்பீட்டில் மேனேஜர் மாறியிருந்தால் உங்களுக்காகப் பேசுவது அந்தக் குறிப்புதான்.

விடுப்பு பெரும்பாலும் மாதாமாதம் கொஞ்சமாகச் சேரும். ஜூலையில் சேர்ந்தவருக்குத் தீபாவளிக்குள் கையில் இருப்பது நாலைந்து நாள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும், தென் மாவட்ட ரயில்கள் சில நிமிடத்தில் நிரம்பும். டீமில் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றால் அது புதிதாக வந்தவராகத்தான் இருக்கும், ஆகவே செப்டம்பரிலேயே லீவைச் சொல்லிவிட்டு டிக்கெட் போடுங்கள். பொங்கலுக்கும் இதே கணக்கு.

கடைசியாகக் கல்விக் கடன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை இ.எம்.ஐ. இல்லை என்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வட்டி மறப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டு, 10 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால், தவணை தொடங்கும் நாளில் தனிவட்டி மட்டும் 1.4 லட்சம் சேர்ந்து, கடன் 5.4 லட்சமாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த அந்த ஓராண்டில் மாதம் 3,333 ரூபாய் கட்டினால் 40,000 ரூபாய் அசலில் ஏறாமல் தடுக்கலாம். 25,000 கைக்கு வருகிறவருக்கு இது முடியாத தொகை அல்ல. முதல் சம்பளம் வந்த பிறகு ஊருக்குப் போகும்போது வங்கிக் கிளையில் இறங்கி, தவணை தொடங்கும் தேதி, அன்றைக்கு நிற்கப்போகும் மொத்தப் பாக்கி, இ.எம்.ஐ. தொகை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டி மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அது வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.